கல்விக் கடனும் தொழிலாளர் சங்கமும்

(தோட்டக் கிளைகளின் வட்டாரக் கூட்டத்தில், பணியாளர் சங்கத்தைச் சேர்ந்த தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் ஒரு கிராணியைப் பேச அழைத்திருக்கிறீர்கள். காலையில் பிரட்டுக்குப் பிந்தி வந்தவர் பெயருக்கு நேரே செக்ரோலில் கோடு போடுகிறவன், பிற்பகலில் மேடையேறித் “தோழர்களே” என்று கூப்பிட்டால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் பேச்சைக் கேட்டு முடித்துவிட்டுச் சிரிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.

கூட்ட நோட்டீசில் இந்தத் தலைப்பைப் பார்த்த மூத்த தொழிலாளி ஒருவர் வாசலிலேயே என்னை நிறுத்தினார். “ஏன் தம்பி, போனஸ் பத்திப் பேசலாம், வீட்டுப் பிரச்சினை பத்திப் பேசலாம். காலேஜ் கடனுக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்? அது படிச்ச பிள்ளைங்க பாடு இல்லையா?” என்று கேட்டார். நேர்மையான கேள்வி. அவருக்குப் பதில் சொல்வதற்காகவே நான் இங்கே நிற்கிறேன். பெரியவர் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

முதலில் என்னுடைய குற்றம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன், நான் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்த காலம். பால் வெட்டும் அக்கா ஒருவர், வெட்டு முடிந்து, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, கைகூடக் கழுவாமல் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கட்டுக் காகிதம். மகனுக்குத் தனியார் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது, கடனுக்கு எழுதிப் போட வேண்டும், ஜாமீன் கையெழுத்து எங்கே போடுவது என்று கேட்டார். எனக்கு அன்று சம்பளக் கணக்கு முடிக்கும் நாள். அவசரத்தில் காகிதங்களைப் புரட்டி, கையெழுத்து இட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் சிறு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தேன். அவர் அந்தக் குறிகளின் மேல் நிதானமாக, எழுத்துக் கூட்டிக் கையெழுத்திட்டார். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் படிக்கவில்லை. “மகன் படிச்சு நல்லா வரட்டும், அக்கா” என்று வாழ்த்தி அனுப்பினேன்.

சில ஆண்டுகள் போயின. அதே அக்கா அதே வாசலில் வந்து நின்றார். இந்த முறை கையில் ஒரே ஒரு கவர். “தம்பி, இதிலே என் பேரு போட்டிருக்கு. நான் யார்கிட்டேயும் கடன் வாங்கலியே, எனக்கு எதுக்கு லாயர் கடுதாசி?” என்றார். பிரித்துப் பார்த்தேன். கடன்காரர் கட்டத் தவறினார், ஆகவே ஜாமீன்தாரராகிய நீர் கட்ட வேண்டும் என்று மலாய் மொழியில் எழுதியிருந்தது. அதற்கு முன் வந்த கடிதங்கள் எங்கே என்று கேட்டேன். சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னார். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

பையன் சோம்பேறி அல்லன். அவன் சேர்ந்த படிப்பைக் கல்லூரி நடுவழியில் நிறுத்திவிட்டது. வேறு படிப்புக்கு மாறச் சொன்னார்கள், மாறினான், ஆண்டு கூடியது, கடனும் கூடியது. முடித்து வந்தபோது கிடைத்த வேலை, அந்தச் சான்றிதழ் இல்லாமலே கிடைத்திருக்கக்கூடிய வேலை. பதினான்கு மாதம் ஒழுங்காகக் கட்டினான். வேலை போயிற்று. கட்டுவதும் நின்றது. அந்தக் கல்லூரியின் பெயரையோ கடன் கொடுத்தவர்களின் பெயரையோ நான் இங்கே சொல்லப்போவதில்லை. பெயர் சொல்லித் திட்டுவதற்காக நான் வரவில்லை. திட்டுவதென்றால் பென்சில் பிடித்த என் கையை முதலில் திட்ட வேண்டும்.

பெரியவரே, அந்தக் கடிதம் யார் பெயருக்கு வந்தது? படித்த பிள்ளையின் பெயருக்கு மட்டும் வரவில்லை. உளி பிடிக்கிற தாயின் பெயருக்கு வந்தது. உங்கள் கேள்விக்கு இது முதல் பதில்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். கிராணிக்குத் தெரிந்தது அதுதானே.

ஒரு பிள்ளை படிப்புக்காக 40,000 வெள்ளி கடன் வாங்கியிருப்பதாகவும், 15 ஆண்டுகளில் திருப்பிக் கட்டுவதாகவும் வைத்துக்கொள்வோம். 15 ஆண்டு என்பது 180 மாதம். அசலை மட்டும் வகுத்தாலே மாதம் 222 வெள்ளி. சேவைக் கட்டணம் தனி. இப்போது சம்பளத்துக்கு வாருங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 வெள்ளி. பட்டமோ டிப்ளமாவோ பெற்று வந்த பிள்ளை அந்தச் சம்பளத்திலேயே வேலைக்குச் சேர்ந்தால், சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போகும். கல்விக் கடனுக்கு 222 வெள்ளி. மிச்சம் 1,291. அதில் பட்டணத்து அறை வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை, சாப்பாடு. வீட்டுக்கு என்ன அனுப்புவான்? அவன் முதுமைக்காகச் சேர்ப்பதைவிட, வகுப்பில் உட்கார்ந்து படித்ததற்காகக் கட்டுவது அதிகம்!

இப்படிப் பார்த்தால் கல்விக் கடன் என்பது சம்பளத்தில் பிடிக்கப்படும் ஒரு தொகை. சம்பளத்தில் எது பிடிக்கப்பட்டாலும் அது சங்கத்தின் விவகாரம். நாம் போராடி 50 வெள்ளி கூட்டி வாங்குகிறோம். அடுத்த தலைமுறையிடமிருந்து 222 வெள்ளி வேறு வழியில் போகிறதென்றால், நமது பேச்சு வார்த்தையின் பலன் என்ன ஆயிற்று?

இன்னொன்று. மரம் இலையுதிர்க்கும் மாதங்களில் பால் குறைகிறது. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் அன்று வெட்டு இல்லை. தோட்டத்து வருமானம் ஏறும், இறங்கும். தவணை மட்டும் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டாலும் அது வந்து நிற்கும்.

இந்தக் கடன் ஏற்பாடு எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1996ஆம் ஆண்டில் தனியார் உயர்கல்விக் கூடங்களுக்கான சட்டம் வந்தது. அதன் பிறகு தனியார் கல்லூரிகள் பட்டணந்தோறும் பெருகின. அடுத்த ஆண்டே, 1997இல், தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் அமைக்கப்பட்டது. நாம் பி.டி.பி.டி.என். என்று சொல்லுவது அதைத்தான். முதலில் கடையைத் திறந்தார்கள். பிறகு கடையில் சாமான் வாங்கக் கடன் கொடுத்தார்கள் என்று சொல்லலாம். கொஞ்சம் கடுமையான பேச்சுத்தான். ஆனால் நடந்த வரிசை அதுதான். அரசாங்கப் பல்கலைக் கழகத்தில் படிப்புச் செலவின் பெரும் பங்கை அரசாங்கமே ஏற்றுக்கொள்ளுகிறது. அங்கே இடம் கிடைத்த பிள்ளையின் கடன் சிறியது. இடம் கிடைக்காமல் தனியார் கல்லூரிக்குப் போகிற பிள்ளைதான் முழுக் கட்டணத்தையும் சுமக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் எந்தப் பக்கம் போயிருக்கிறார்கள் என்பதை உங்கள் லயத்து வீடுகளை எண்ணிப் பார்த்தே நீங்கள் சொல்லிவிடலாம்.

பி.டி.பி.டி.என்.னைப் பற்றி நியாயமாகவும் பேச வேண்டும். அது இல்லாமல் போயிருந்தால் கல்லூரி வாசலையே மிதித்திராத நம் பிள்ளைகள் பலர் உண்டு. 2008 முதல் அதன் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடுதான். வட்டிக்கடைக்காரனோடு அதை ஒப்பிடுவது தகாது. முதல் வகுப்பில் தேறுகிறவர்களுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கடனையே தள்ளிக் கொடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் இரவில் பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்துவிட்டுக் காலையில் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு முதல் வகுப்பு எவ்வளவு தூரம் என்று யோசியுங்கள். அதே கழகம் நடத்தும் கல்விச் சேமிப்புத் திட்டத்தில் பணம் போட்டால் வருமான வரியில் சலுகை உண்டு. வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்குகிறவருக்குத்தானே அந்தச் சலுகை? மரம் வெட்டுகிறவருக்கு அதில் ஒரு காசும் இல்லை.

இங்கே பழைய கதை ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். சீக்கிரம் முடித்துவிடுவேன்.

நம் முன்னோர்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது பலர் கடனோடுதான் கப்பலேறினார்கள். கப்பல் கட்டணம், முன்பணம், வழிச் செலவு எல்லாம் அவர்கள் கணக்கில் எழுதப்பட்டது. இங்கே வந்து உழைத்து அதை அடைக்க வேண்டும். கடன் அடையும் வரை ஆள் தோட்டத்துக்குச் சொந்தம் மாதிரி. அந்த ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்குச் சற்று முன்பே, 1907இல், இன்னொரு ஏற்பாடு வந்தது. அதுதான் தமிழ்க் குடியேற்ற நிதி. இந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள் எல்லாரும், தங்களிடம் வேலை செய்கிறவர்களின் கணக்குப்படி அந்த நிதிக்குத் தீர்வை கட்ட வேண்டும். அந்தப் பணத்திலிருந்து தொழிலாளியின் கப்பல் கட்டணம் கொடுக்கப்படும். ஆகவே வந்து இறங்குகிறவன் அந்தக் கடன் இல்லாமல் இறங்குவான்.

துரைமார் தருமசிந்தனையால் இதைச் செய்தார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு தோட்டம் செலவழித்து ஆள் கொண்டுவரும். பக்கத்துத் தோட்டம் இரண்டு காசு கூடக் கொடுத்து அந்த ஆளை இழுத்துக்கொள்ளும். செலவு செய்தவனுக்கு நஷ்டம், இழுத்தவனுக்கு லாபம். எல்லாரும் சேர்ந்து கட்டினால் இந்தச் சண்டை ஓயும் என்று கணக்குப் போட்டார்கள். கணக்குத்தான். ஆனால் அந்தக் கணக்குக்குள் ஒரு நியாயம் இருக்கிறது: உழைப்பு யாருக்கு வேண்டுமோ, அந்த உழைப்பாளியைக் கொண்டுவரும் செலவை அவர்கள் கட்டட்டும்.

இன்றைக்கு முதலாளிகளுக்கு வேண்டியது கப்பலில் வரும் ஆள் மட்டும் அல்ல. கணக்கு எழுதத் தெரிந்தவர், இயந்திரம் ஓட்டத் தெரிந்தவர், கணினி தெரிந்தவர், ஆய்வுக்கூடத்தில் பாலின் தரம் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். அவரைப் பழக்கி அனுப்பும் செலவை யார் கட்டுகிறார்கள்? அந்தப் பிள்ளை கட்டுகிறது. பிள்ளையால் முடியாவிட்டால் ஜாமீன் போட்ட தாய் கட்டுகிறாள். 1907இல் வெள்ளைக்காரத் துரைக்குப் புரிந்த நியாயம் இன்றைக்கு மறந்துபோய்விட்டது!

இது நடக்காத காரியமா? ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் ஏற்பட்டது. ரப்பர் மீது தீர்வை வாங்கித்தான் அதை நடத்தினார்கள். நல்ல கன்று கண்டுபிடிக்க, மரத்துக்கு வரும் நோயை ஆராயத் தீர்வை வாங்கலாம் என்றால், மரம் வெட்டுகிறவரின் பிள்ளை படிக்க வாங்கக்கூடாதா? இப்போதும் மனிதவள மேம்பாட்டுக்காகச் சம்பளத் தொகையில் 1 விழுக்காடு தீர்வையை முதலாளிகள் கட்டும் முறை இருக்கிறது. அது வேலையில் இருப்போரின் பயிற்சிக்கு. அதே வழியில் உயர்கல்விக்கும் ஒரு பங்கு வாங்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் பழைய குடியேற்ற நிதி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நாடு சுதந்திரம் அடைந்த பின், 1958இல், அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று புதிய சட்டத்தின் கீழ் வந்தது. உழைத்து ஓய்ந்த முதியவர்களின் பராமரிப்புக்கும், தொழிலாளர் பிள்ளைகளின் கல்வி உதவிக்கும் அது பயன்பட வேண்டும் என்பது ஏற்பாடு. 1999இல் அந்த நிதி கலைக்கப்பட்டது. சொத்துக்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. 1997இல் கடன் கொடுக்கும் நிதி பிறந்தது. 1999இல் உதவி கொடுக்கும் நிதி மறைந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு ஆண்டு இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் தோட்டத்துப் பிள்ளை ஒன்றாகத்தான் அனுபவித்தது.

அடுத்தபடியாக மாணவர்களைப் பற்றி.

2012 ஏப்ரல் மாதத்தில் கோலாலம்பூரில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். கல்வி இலவசமாக வேண்டும், பி.டி.பி.டி.என். கடன் முறை ஒழிய வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. மெர்டேக்கா சதுக்கத்தில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அப்போது நம்மில் எத்தனை பேர் அவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தோம்? “படிக்கிற வேலையைப் பார்க்காமல் கூச்சல் போடுகிறார்கள்” என்று டீக்கடையில் பேசினோம். நானும் பேசியிருக்கிறேன்.

ஆனால் அதற்கு முன்பே மாணவர்கள் நமக்காக நின்ற காலம் ஒன்று இருக்கிறது. 1974ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். ரப்பர் விலை விழுந்துவிட்டது. அரிசி விலையும் சாமான் விலையும் ஏறிவிட்டன. கெடா மாநிலத்தில் பாலிங் வட்டாரத்துச் சிறு தோட்டக்காரர்கள், பெரும்பாலும் மலாய்க்காரச் சகோதரர்கள், ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். பால் வெட்டிப் பிழைக்கிறவனின் வயிறு எந்த இனமாக இருந்தால் என்ன? அவர்களுக்காகத் தலைநகரில் பல்கலைக் கழக மாணவர்கள் கிளம்பினார்கள். டிசம்பர் 3ஆம் தேதி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைதானார்கள். மாணவர் தலைவர்களும் விரிவுரையாளர்களும் விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர்தான் பின்னாளில் பிரதமரான அன்வார் இப்ராஹிம்.

அதன் பலன் என்ன தெரியுமா? 1971இல் வந்த பல்கலைக் கழகச் சட்டத்தை 1975இல் திருத்தி இறுக்கினார்கள். மாணவர் எவரும் அரசியல் கட்சியில் சேரக்கூடாது, தொடர்பு வைத்துக்கொள்ளவும் கூடாது என்றார்கள். அதோடு நிறுத்தவில்லை. தொழிற்சங்கத்தோடும் தொடர்பு கூடாது என்று அதே பிரிவில் எழுதி வைத்தார்கள். தோழர்களே, இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். மாணவனும் தொழிலாளியும் பேசிக்கொள்ளக்கூடாது என்று சட்டம் போட வேண்டிய அவசியம் அவர்களுக்கு ஏற்பட்டது. பெரியவரே, சம்பந்தம் இல்லையா என்று கேட்டீர்களே, சம்பந்தம் இருக்கிறது என்பதைச் சட்டம் எழுதினவர்கள் நமக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்.

2012லும் பிறகு 2018லும் அந்தச் சட்டத்தைத் திருத்தித் தளர்த்தினார்கள். கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. நாம்தான் அந்தப் பக்கம் போகவில்லை.

மாணவர்களின் கோரிக்கையை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டுமா? என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடன் நிதியை நாளைக்கே மூடிவிடு என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அரசாங்கப் பல்கலைக் கழகத்தில் நம் பிள்ளைகளுக்குப் போதிய இடம் ஏற்படுவதற்கு முன் அதை மூடினால், முதலில் கதவு சாத்தப்படுவது தோட்டத்துக்குத்தான். கடனைக் கட்டாதே என்று சொல்லுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. இந்தப் பிள்ளை திருப்பிக் கட்டுகிற பணத்திலிருந்துதானே அடுத்த பிள்ளைக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது? சம்பாதிக்க முடிந்தவர் கட்டட்டும். சம்பாதிக்க முடியாதவரை விரட்டாதே என்பதுதான் என் பேச்சு.

ஒரு காலத்தில் கட்டத் தவறியவர்கள் வெளிநாடு போக முடியாதபடி குடிநுழைவு இலாகாவில் பெயர் எழுதி வைத்தார்கள். வேலை தேடிச் சிங்கப்பூருக்குப் போனால்தான் கடனைக் கட்டலாம் என்றிருந்த பிள்ளையை எல்லையில் தடுத்தால் கடன் எப்படி வசூலாகும்? 2018இல் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. சரியான செய்கை. அதே ஆண்டுப் பொதுத் தேர்தலில், சம்பளம் 4,000 வெள்ளியை எட்டும் வரை கல்விக் கடன் கட்ட வேண்டியதில்லை என்று ஒரு கூட்டணி வாக்குறுதி கொடுத்தது. வென்றது, ஆட்சிக்கும் வந்தது. வாக்குறுதி நிறைவேறவில்லை. கட்சி எதுவானாலும் நமக்குக் கவலை இல்லை. ஆனால் அந்தக் கொள்கை நல்ல கொள்கை. 4,000 என்பது அதிகம் என்றால் வேறு ஒரு தொகையைப் பேசலாம். பேசுவதற்குத்தானே சங்கம் இருக்கிறது? குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்றே இந்த நாட்டில் 2013இல்தான் வந்தது. தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று தொடங்கினார்கள். அதற்கு முன் அதைக் கேட்டபோது தொழில் நொடித்துவிடும் என்றார்கள். நொடித்துவிட்டதா?

நம் பெற்றோரும் பாட்டன்மாரும் உயர்கல்வியைப் பிறர் விஷயம் என்று ஒதுக்கினவர்கள் அல்லர். 1950களில் மலாயாப் பல்கலைக் கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே இந்திய இயல் துறை 1956இல் ஏற்பட்டது. அதற்குத் தமிழ் நூலகம் வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். செல்வர்கள் மட்டும் அல்ல, சாதாரணத் தொழிலாளர்களும் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். அந்தப் பல்கலைக் கழகத்துக்குள் தங்கள் பிள்ளை கால் வைக்கும் என்று நினைக்கக்கூட முடியாதவர்கள் அதன் புத்தக அலமாரிக்குப் பணம் கொடுத்தார்கள். 1960இல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோதும் அப்படித்தான். துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைக் கூலியில் மிச்சம் பிடித்த காசால் வாங்கினார்கள். அந்தக் கூட்டுறவுச் சங்கம் இன்றும் உறுப்பினர் பிள்ளைகளின் கல்விக்கு உதவி வழங்குகிறது. உங்களில் உறுப்பினராக இருந்தும் விண்ணப்பம் போடாதவர்கள் இருக்கிறீர்கள். யார் யார் என்பது எனக்குத் தெரியும். பெயர் சொல்லட்டுமா?

சரி, என்ன செய்யலாம்?

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதைச் செயலாளர் தீர்மானமாக எழுதியிருக்கிறார். சம்பளம் ஓர் அளவை எட்டிய பிறகே தவணை தொடங்க வேண்டும், வேலை இழந்த காலத்தில் தவணை நிற்க வேண்டும், மாதச் சம்பளம் குறைந்த பெற்றோரை ஜாமீனாகக் கேட்கக்கூடாது, முதலாளிகளின் தீர்வையில் உயர்கல்விக்கு ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்பவை அதில் இருக்கின்றன. பாதியில் படிப்பை நிறுத்தும் கல்லூரி, அந்தப் படிப்புக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்க்கும்படி நேற்று இரவு கேட்டுக்கொண்டேன். சேர்த்திருப்பார் என்று நம்புகிறேன்.

தீர்மானத்தின் ஒரு பிரதி பல்கலைக் கழக மாணவர் மன்றங்களுக்கும் போக வேண்டும். நமது அடுத்த கூட்டத்துக்கு இரண்டு மாணவர்களை அழைத்துப் பேசச் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மலாய்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் இதே கடனைத்தான் சுமக்கிறது. பெரும்பாலான தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. மிஞ்சியிருக்கும் ரப்பர்த் தோட்டங்களிலும் நாம் குறைந்துகொண்டு வருகிறோம். தனியாக நின்று கத்தினால் நம் சத்தம் தீம்பாருக்குள்ளேயே அடங்கிவிடும்.

இனி வீட்டுக்குள் செய்ய வேண்டியது. ஐந்தாம் படிவம் எழுதுகிற பிள்ளை இருக்கும் வீடுகள் கொஞ்சம் காது கொடுங்கள். 2024இல், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ பெற்ற பிள்ளைகளுக்கு இன வேறுபாடு இல்லாமல் மெட்ரிகுலேஷன் இடம் தரப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. நல்ல செய்தி. ஆனால் நம்மில் பெரும்பாலான பிள்ளைகள் ஐந்து ஏ, ஆறு ஏ வாங்குகிறவர்கள். அவர்களுக்கு ஆறாம் படிவம் இருக்கிறது, எஸ்.டி.பி.எம். எழுதலாம். அரசாங்கப் பள்ளியிலேயே படிப்பதால் செலவு குறைவு. படிப்பு கடினம்தான், ஒளிக்கவில்லை. ஆனால் கடன் இல்லாமல் பல்கலைக் கழக வாசல் வரை போகும் பாதை அது. மூன்றாம் மாதமே கல்லூரி ஏஜெண்டுகள் மோட்டார் காரில் லயத்துக்கு வருவார்கள். வர்ணப் படம் போட்ட புத்தகம் கொடுப்பார்கள். “ஒரு காசும் கட்ட வேண்டாம், எல்லாம் கடனிலே வந்துடும்” என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்ட உடனே அவருக்கு ஒரு கிளாஸ் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். கையெழுத்து மட்டும் கொடுக்க வேண்டாம். அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா, முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பிறகு யோசிக்கலாம்.

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மிடம் காகிதம் கொண்டு வருகிறவர்கள் நம்மை நம்பித்தான் வருகிறார்கள். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டுவதற்கு முன், எவ்வளவு கடன், எத்தனை ஆண்டு, யார் ஜாமீன், கட்டாவிட்டால் என்ன நடக்கும் என்ற நான்கையும் தமிழில் சொல்லிவிட வேண்டும். கால் மணி நேரம் ஆகும். செக்ரோல் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

அந்த அக்காவின் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மகனையும் கூட்டிக்கொண்டு நேரில் போனோம். நிலைமையை எடுத்துச் சொன்னோம். தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டிக் கொடுத்தார்கள். நேரில் போனால் கேட்கிறார்கள் என்பதை அன்றுதான் நானும் கற்றுக்கொண்டேன். மகன் இப்போது கட்டிக்கொண்டு வருகிறான். அக்காவும் ஓய்வுக்குப் போகாமல் மரம் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணி வரை நான் இந்த மண்டபத்தில் இருப்பேன். பக்கத்துத் தோட்டத்துக் கிராணி நண்பர்கள் இரண்டு பேரும் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கல்விக் கடன் விண்ணப்பம் போட வேண்டியவர்களும், கடன் கடிதம் வந்தவர்களும் வரலாம். வந்த கடிதங்களை எல்லாம் எடுத்து வாருங்கள். சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருப்பதையும் எடுத்து வாருங்கள். பிரிக்காத கவரானாலும் சரி, சேர்ந்து பிரித்துப் பார்ப்போம்.

இப்போது செயலாளர் தீர்மானத்தை வாசிப்பார்.